அன்றைக்கு என்ன சொன்னாய், சரசு?

சோமனூர்,
ஞாயிறு மதியம்

அன்புள்ள சரசு,

நல்லா இருக்கிறாயா? மூட்டுவலி எப்படி இருக்கிறது? மருமகள் பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டாளா? இங்கே எல்லோரும் சுகம். ஏழு மாதமாக ஒரு வரி எழுதவில்லை, நீ கூப்பிட்டபோதும் போனை எடுக்கவில்லை. சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை. போனில் நீ பேசுவது எனக்குப் புரியாமல் போய்விட்டது. அதை உன்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. சரி, இப்போது சொல்லிவிடுகிறேன். எனக்கு இரண்டு காதுக்கும் மிஷின் போட்டிருக்கிறது.

2022 ஜனவரியில் கூலி உயர்வு கேட்டு விசைத்தறிகளை நிறுத்திப் போட்டிருந்தோமே, அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊரே அடங்கிப்போன முதல் ராத்திரி, படுத்தால் சில்வண்டு கத்துகிற மாதிரி ஒரு சத்தம். எழுந்துபோய் வேப்பமரத்தடியில் நின்றேன், அங்கேயும் அதே சத்தம். அது வெளியே இல்லை, என் காதுக்குள்தான் இருக்கிறது என்று புரியவே இரண்டு நாள் ஆனது. அப்புறம் தறிகள் ஓட ஆரம்பித்ததும் அந்தச் சத்தத்தில் இது அமுங்கிப்போனது. நானும் மறந்துவிட்டேன்.

மாசி மாதம் மகன் பிடிவாதமாகக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனான். காதைச் சோதித்த பெண் சின்னவள்தான், ஆனால் எவ்வளவு பொறுமையாகச் சொன்னாள் தெரியுமா! உள்காதில் நத்தைக்கூடு மாதிரி ஒரு உறுப்பு இருக்கிறதாம். அதில் ஏறக்குறைய 15,000 மயிரிழைச் செல்கள். ஓயாத பெருஞ்சத்தத்தில் அவை செத்துப்போகும், செத்தால் மனிதருக்குத் திரும்ப முளைக்காது. கீச்சென்ற மெல்லிய ஒலிகள்தான் முதலில் போகுமாம். அதனால் பேச்சில் ஆ, ஈ எல்லாம் கேட்கும். க, ச, ப விழாது. எனக்குப் பால், கால், சால் மூன்றும் ஆல்தான். சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்.

85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாமாம். அதற்கு மேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகக் குறையும். மகன் போனை வைத்து நம் தறி குடோனில் அளந்தான், 97 காட்டியது. அப்படியென்றால் அரை மணி நேரம், சரசு. நான் நாளுக்குப் பத்து மணி நேரமாக இருபத்தாறு வருஷம் நின்றிருக்கிறேன். உன் கணக்கை நீயே போட்டுக்கொள். உன் வீட்டு டிவி சத்தம் வாசல் வரைக்கும் கேட்கிறது என்று உன் மகன் சொல்கிறான். மூக்குக்கண்ணாடி போட ஒன்பது வருஷம் இழுத்தடித்தவள் நீ. இதில் அப்படிச் செய்யாதே. ஒரு தடவை போய்க் காதைச் சோதித்துக்கொள், ஒறம்பரை வந்தார்கள், நோம்பி வந்தது என்று காரணம் சொல்லாதே.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது காதைப் பற்றி மட்டும் இல்லை.

மிஷின் போட்டு வீட்டுக்கு வந்த அன்று பேத்தியிடம் தண்ணீர் கேட்டேன். யாரோ சண்டைக்கு நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். அது என் குரல். புதிதில் நம் குரல் குடத்துக்குள் பேசுவது போலத்தான் கேட்கும், மூளை பழக வாரக்கணக்கில் ஆகும் என்று அந்தப் பெண் முன்பே சொல்லியிருந்தாள். அது சரிதான். ஆனால் அந்தக் குழந்தை தோளைக் குறுக்கிக்கொண்டு சொம்பை நீட்டியதற்கு மிஷின் காரணம் இல்லையே. குடோனில் கத்திப் பேசிப் பேசி, வீட்டிலும் அப்படியே பேசியிருக்கிறேன்.

இரண்டாவது விஷயம், என் மகள் கவிதா. ஈரோட்டிலிருந்து வாரம் இரண்டு தடவை கூப்பிடுவாள். பாதி கேட்கும், பாதி கேட்காது, நான் "சரி கண்ணு, சரி கண்ணு" என்று வைத்துவிடுவேன். சித்திரையில் அவள் கூப்பிட்டபோது முதல் முறையாக எல்லாம் தெளிவாகக் கேட்டது. வார்த்தை மட்டுமா, நடுவில் அவள் மூச்சை இழுத்து நிறுத்துவதும் கேட்டது. அந்த இடத்தில் என் வாய் சரி என்று சொல்லக் கிளம்பியது. தொண்டை வரைக்கும் வந்ததை அப்படியே விழுங்கினேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் அழுதாள். மாமியார் படுக்கையில் விழுந்து மூன்று வருஷம் ஆகிறது, எடுப்பதும் கழுவுவதும் அவள் ஒருத்திதான், ராத்திரித் தூக்கமே இல்லை. "ஏம்மிணி இத்தனை நாளா சொல்லலை?" என்று கேட்டேன். "மூணு வருஷமா இதையேதான் சொல்றேன், நீதான் சரி சரின்னு வெச்சிருவே" என்றாள்.

மறுநாளே பஸ் ஏறி, எட்டு நாள் அங்கே இருந்துவிட்டு வந்தேன்.

அந்த எட்டு நாளும் ஒன்றே ஒன்றுதான் மனதில் ஓடியது. எட்டுத் தறி ஒன்றாக ஓடும்போது ஒன்றில் ஊடுநூல் கொண்டுபோகிற நாடா சரியாக அடிக்கவில்லை என்றால், நீயும் நானும் முதுகைக் காட்டி நின்றாலும் கண்டுபிடிப்போமே! பாதி காதால், பாதி உள்ளங்காலால். தரை அதிர்வு கொஞ்சம் மாறினாலும் தெரியும். அவ்வளவு கூர்மையான கவனம் எனக்கு இருந்திருக்கிறது. அதை முழுக்கத் தறிக்கே கொடுத்துவிட்டேன், பெற்ற மகளுக்குக் கொடுக்கவில்லை. செவிடு என்பது ஒரு பங்குதான். கேட்ட பாதியையாவது கவனித்திருக்கலாம். அவள் பேசும்போது நான் அடுப்பில் இருப்பதை நினைப்பேன், பாவு நூல் சுற்றின பீம் எப்போது வரும் என்று நினைப்பேன்.

இப்போது தியானம் பழக மனவளக்கலை மன்றத்துக்குப் போகிறேன். அதை ஆரம்பித்தவர் ஆழியாறில் இருந்தாரே வேதாத்திரி மகரிஷி, அவரும் நெசவாளர் குடும்பத்துப் பிள்ளை என்பது உனக்குத் தெரியுமா? அங்கே அகத்தாய்வு என்று ஒன்று சொல்லித்தருகிறார்கள். எண்ணம், ஆசை, சினம், கவலை என்று தன்னைத்தானே உட்கார்ந்து பார்ப்பது. எனக்குச் சினத்தில்தான் வேலை அதிகம். கோபம் வரும் முன்பு என் இடது கை முந்தானையை முறுக்குகிறது, தாடை இறுகுகிறது, அதற்கு அப்புறம்தான் சத்தம் ஏறுகிறது. ஐம்பத்தெட்டு வயதில் இதை இப்போதுதான் பார்க்கிறேன். கை முந்தானைக்குப் போனால் விட்டுவிட்டு, எதிரில் இருப்பவர் முடிக்கும் வரை காத்திருக்கிறேன். பத்துக்கு நாலு தடவை முடிகிறது.

விடியற்காலை ஷிப்ட் மாறும்போது தறிகள் கொஞ்ச நேரம் நிற்கும். அப்போது திண்ணையில் கண்ணை மூடி உட்காருகிறேன். எதிர்வீட்டில் சாணி தெளிக்கிற தண்ணீர் மண்ணில் சளப்பென்று விழுகிறது. அந்தச் சத்தம் எத்தனை வருஷமாக எனக்கு இல்லாமல் இருந்ததோ! பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தொடங்கிவிட்டதால் தென்னை ஓலை ஓயாமல் உரசுகிறது. மண் நனைந்த வாசம், காலடியில் திண்ணையின் குளிர்ச்சி. தூரத்தில் மயில். நடுவில் அந்தச் சில்வண்டுச் சத்தமும் உண்டு, அது போகவில்லை. அதையும் சேர்த்தே கேட்கிறேன்.

மகனை நினைத்துத்தான் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. காதில் வைக்கிற அடைப்பு வாங்கிக்கொடுத்தேன். ஒரு வாரம் போட்டான். எந்தத் தறி மக்கர் செய்கிறது என்று அப்போதும் அவனால் கண்டுபிடிக்க முடிந்தது, என் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் வியர்க்கிறது என்று கழற்றி ஆணியில் மாட்டிவிட்டான். முப்பத்திரண்டு வயது. நீ சொன்னால் கேட்பான், உன்னிடம் மட்டும்தான் அவனுக்குப் பயம். அடுத்த முறை வரும்போது விடாதே.

இன்னொன்று. 2019-ல் உன் வீட்டுக்காரர் காரியம் முடிந்த அன்று பொழுதோட, கொல்லைப்புறப் படியில் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசினாய். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். சரசு, அன்றைக்கு நீ பேசியதில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. திரும்பச் சொல் என்று அந்த நேரத்தில் எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டேன். இத்தனை வருஷமும் எனக்குத் தெரியும் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் தறிகள் ஓடாது. அப்போது கூப்பிடு. என்ன சொன்னாய் என்று இன்னொரு தடவை சொல்.

உன்,
பாப்பாத்தி