பதினோரு வாக்குகள்

சென்னை, பெரம்பூர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிவலி குறைந்து காலையில் நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதி. இங்கே வீட்டுக்கு ஒருவழியாகப் பெயிண்ட் அடித்து முடித்தோம்.

சட்டவிரோதமாகக் குடியேறியவர்களை ஒருவர் விடாமல் வெளியேற்ற வேண்டும் என்று எம்.பி.க்கள் பேசுவது சரிதான் என்று எழுதியிருந்தாய். இரண்டு மாதம் முன்பு நானும் ஆமோதித்திருப்பேன். இப்போது முடியவில்லை.

பெயிண்ட் அடிக்க வந்தவர் கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் அகதி முகாமில் இருப்பவர். 1990இல் இலங்கையின் மன்னாரிலிருந்து படகில் வந்தபோது அவருக்கு ஒன்பது வயது. ஒளிந்து வரவில்லை, ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊரில் இறங்கி, பெயர் பதிந்து, அரசு அனுப்பிய முகாமுக்குப் போனவர்கள். இன்றும் 'செக்கிங்' நாளில் வேலைக்கு வரமாட்டார், முகாமில் ஆள் இருக்க வேண்டும். ஆனாலும் சட்டத்தில் அவருக்குப் பெயர் சட்டவிரோதக் குடியேறி. மகன் 2005இல் இங்கேயே பிறந்தவன். 1987 ஜூலைக்கு முன் பிறந்திருந்தால் இந்த மண்ணில் பிறந்ததே போதும். அதற்குப் பிறகு சட்டம் இறுகிவிட்டது. பொறியியல் முடித்தவனிடம் ஒரு நிறுவனம் பாஸ்போர்ட் கேட்டிருக்கிறது. குடியுரிமை இல்லாதவன் அதற்கு எங்கே போவான்? அவனும் இப்போது அப்பாவோடு ஏணி பிடிக்கிறான். சாயம் உலரும்வரை நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவன் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து எனக்கு மனம் ஆறவில்லை.

2019 டிசம்பர் 11 நினைவிருக்கிறதா? குடியுரிமைத் திருத்த மசோதா மாநிலங்களவையில் 125க்கு 105 என்று நிறைவேறியது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களுக்குத்தான் அதில் வழி, அதுவும் முஸ்லிம்களுக்கு இல்லை. இலங்கையின் பெயரே இல்லை. அ.தி.மு.க.வின் 11 பேரும் ஆதரித்தார்கள். அவர்கள் எதிர்த்திருந்தால் 114க்கு 116. இலங்கையையும் சேர்த்தால்தான் எங்கள் வாக்கு என்று சொல்லும் பலம் அன்று தமிழ்நாட்டின் கையில் இருந்தது. அதைக் கேட்காமல் கொடுத்துவிட்டார்கள். ஆறு ஆண்டுக்கு மேலாகியும் எனக்கு அந்தக் கோபம் தணியவில்லை.

எல்லையைக் காக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில் பணத்தை வாங்கிக்கொண்டு, குழந்தைகளோடு வந்தவர்களைத் தனுஷ்கோடிக்கு அப்பால் மணல்திட்டில் இறக்கிவிட்டு ஓடிய படகுக்காரர்களைப் பிடித்து உள்ளே போடட்டும். அவர்களையும், முப்பத்தைந்து ஆண்டாகக் கூப்பிட்டபோதெல்லாம் வந்து நிற்கிறவரையும் ஒரே சொல்லால் அழைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

2025 செப்டம்பரில் ஒரு சலுகை வந்தது. 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனை கிடையாது. நல்லதுதான். ஆனால் சிறைக்கு அனுப்பமாட்டோம் என்பது வேறு, நீ எங்கள் குடிமகன் என்பது வேறு.

உங்கள் தொகுதி எம்.பி. உன் தம்பியோடு படித்தவர் என்று சொல்வாய். அவர் அடுத்த முறை ஊருக்கு வரும்போது பார்த்து, அந்தக் குடியுரிமைச் சட்டத்தில் இலங்கையைச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவருவாரா என்று கேள். அவர் சொல்லும் பதிலை அப்படியே எனக்கு எழுது. அந்தப் பையனிடம் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்