ஆறாவது முறையும் அதே கேள்விகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்லூரி மாணவர்களின் சமூகப் பணிகளைப் பாராட்டிச் சென்ற ஞாயிறு வெளியான கட்டுரையைப் படித்தேன். பாராட்டில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் அது பணி செய்யப் போகிறவர்களின் பக்கத்திலிருந்து எழுதப்பட்டது. நான் பெரும்பாக்கத்தில், அவர்கள் கதவைத் தட்டும் வீடுகளில் ஒன்றில் இருக்கிறேன்.

சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் கரையோரம் வாழ்ந்துவந்த எங்கள் குடும்பம், அரசு கரையோர வீடுகளை அகற்றியபோது, 2017இல் நகரின் தெற்கு ஓரத்தில் இருக்கும் இந்த எட்டு மாடி மறுகுடியமர்வுக் குடியிருப்புக்கு வந்தது. அன்றிலிருந்து இதுவரை ஆறு கல்லூரிகளின் மாணவர்கள் என் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். வீட்டில் எத்தனை பேர், மாத வருமானம் என்ன, தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, குடிப்பழக்கம் உள்ளவர் யாரேனும் உண்டா என்று ஆறு முறையும் ஏறக்குறைய அதே கேள்விகள். ஒவ்வொரு முறையும் நிரப்பாத படிவம் ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வேன். முப்பத்தைந்து ஆண்டுகள் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவன்; அச்சடித்த தாளைக் கண்டால் கை சும்மா இருக்காது. ஒரு படிவத்தில் மட்டும் பதினான்கு பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன். அடுத்த ஆண்டு வேறொரு கல்லூரியின் படிவத்தில் அதே பதினான்கும் அப்படியே இருந்தன. எங்கிருந்து எங்கே போயிற்று என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன்.

இந்தக் கணக்கெடுப்புகளின் முடிவு என்ன ஆயிற்று என்று எங்களுக்கு ஒருவரும் வந்து சொன்னதில்லை. எங்களைப் பற்றிய அறிக்கை எங்கோ ஒரு நூலகத்தில் இருக்கும். ஆங்கிலத்தில்தான் இருக்கும்.

பிள்ளைகள்மீது எனக்குக் கோபமில்லை. ஒருமுறை வந்த குழுவில் ஒரு தம்பி மட்டும் எதுவும் கேட்காமல் நின்றான். எந்த ஊர் தம்பி என்றேன். "கண்ணகி நகர் ஐயா. எங்கள் தெருவுக்கும் இந்தத் தாளோடுதான் வருவார்கள்" என்றான். அதுவும் எங்களைப் போல் இடம் மாற்றப்பட்டவர்களின் குடியிருப்புதான். அவன் வீட்டில் அவன்தான் முதல் பட்டதாரியாம். படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு, எந்தப் பிளாக்கில் மோட்டார் ஓடவில்லை என்று என்னிடம் விசாரித்தான். அவனுக்கு எத்தனை மதிப்பெண் போட்டார்களோ.

கோளாறு திட்டம் போடுகிறவர்களிடம் இருக்கிறது. காந்தி நூற்றாண்டான 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. "நான் அல்ல, நீ" என்பது அதன் முழக்கம். ஆனால் பதிவேட்டில் ஏறுவதெல்லாம் "நான்" செய்த மணிகள்தான். அந்த 240 மணி நேரத்தில் "நீ" என்ன பெற்றாய் என்று எழுத அதில் ஒரு பத்தியும் இல்லை.

பருவத் தேர்வுக் கணக்கு இன்னொரு தொல்லை. ஜூலையில் வருகிறார்கள், மாலை வகுப்பு தொடங்குகிறார்கள். வடகிழக்குப் பருவமழை வலுத்துத் தரைத்தள வீட்டுக்காரர்கள் வாசலில் தண்ணீரை இறைக்கும் நவம்பரில் அவர்களுக்குத் தேர்வு. எங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு நெருங்கும் நேரத்தில் சொல்லிக்கொடுத்த அக்காவைக் காணோம். இரண்டு சனிக்கிழமைகள் படிக்கட்டில் நோட்டோடு காத்திருந்த பிள்ளைகளிடம் "இனி வரமாட்டார்கள்" என்று சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது கல்லூரிகள் மூடிக்கிடந்தன. அப்போது இதே நகரத்து மாணவர்கள் இடுப்பளவு நீரில் உணவுப் பொட்டலங்களோடு நடந்தார்கள். அதற்கு யாரும் மணிக்கணக்கு எழுதவில்லை.

நன்றாக நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் சமூகப்பணி படிக்கும் நான்கு பெண்கள் வந்தார்கள். முதல் மூன்று வாரம் ஒன்றும் செய்யவில்லை. மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து பெண்களோடு பேசிக்கொண்டிருந்தார்கள். சுவரில் படம் வரைவார்கள், மரக்கன்று நடுவார்கள் என்றுதான் நினைத்தேன். (முந்தைய குழு நட்ட வேப்பங்கன்றுகள் பட்டுப்போய்விட்டன. கல்லூரிப் பெயர் எழுதிய இரும்புக் கூண்டுகள் மட்டும் நன்றாக இருக்கின்றன.) நான்காவது வாரம், இங்கே பெரிய சிக்கல் முகவரி என்று கண்டுபிடித்தார்கள். ரேஷன் அட்டையில் பழைய முகவரி, ஆதாரில் பழைய முகவரி. அதனால் முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால் திரும்பி வருகிறது. படிவங்களை அவர்களே நிரப்பித் தந்திருந்தால் வேலை ஒரு வாரத்தில் முடிந்து, புகைப்படமும் நன்றாக வந்திருக்கும். அப்படிச் செய்யாமல், பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வீட்டிலிருந்த எங்கள் பிளாக் பெண்கள் மூவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள்: எந்தச் சான்றுக்கு எந்த அலுவலகம், இ-சேவை மையத்தில் என்ன கேட்பார்கள், ரசீது எண்ணை எப்படிக் குறித்துவைப்பது என்று. மாணவிகள் போய்விட்டார்கள். சனிக்கிழமை காலையில் மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசையும் ஒரு நோட்டும் இன்றும் இருக்கின்றன.

தொடர்ந்து செய்வது மாணவர்களால் முடியாததல்ல. மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல் ஆண்டின் தொடக்க மாதங்களில் இரவு நேரத்தில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடக்கிறார்கள். பங்குனி ஆமைகள் இட்டுப்போன முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். முதலில் நடந்தவர்களுக்கு இப்போது தலை நரைத்திருக்கும், நடை நிற்கவில்லை. ஆமைகளுக்குக் கிடைத்திருப்பதில் பாதி எங்களுக்கும் கிடைக்கக் கூடாதா?

கல்லூரிகளிடம் நான் கேட்பது பெரிதல்ல. ஆண்டுக்கொரு புது இடம் தேடாமல் ஒரே பிளாக்குக்கு ஐந்து ஆண்டுகள் வாருங்கள். போகும் குழு, வரும் குழுவை எங்கள் வாசலுக்கே அழைத்துவந்து பொறுப்பை ஒப்படைக்கட்டும். கண்டறிந்ததைத் தமிழில் நான்கு பக்கமாக எழுதி எங்களிடமும் ஒரு பிரதி கொடுங்கள். புரூஃப் நானே பார்த்துத் தருகிறேன், கூலி வேண்டாம்.

அடுத்த ஜூலையில் ஏழாவது குழு வரும். பழைய படிவங்கள் ஆறும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. முதலில் அவற்றைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்கலாம். காலை பத்து மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சுக் கோப்பாளர் ஒருவர்,
பெரும்பாக்கம், சென்னை.