ஜெரி துவாயை எங்களுக்குத் தந்தவர்களுக்கு

அன்புள்ள நியூடவுன் மக்களுக்கும் மற்றவர்களுக்கும்,

வணக்கம். அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ரக்பியில், ஆண்கள் பிரிவில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற ஒரே ஆட்டக்காரர் ஃபிஜி நாட்டின், உங்கள் ஜெரி துவாய். அவரைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் அந்தக் கால்களைத்தான் புகழ்வோம். கபடி பார்த்து வளர்ந்த எங்களுக்கு அவர் ஆட்டம் உடனே பிடிபட்டுவிடும். எதிராளி எந்தக் காலில் உடம்பை ஊன்றியிருக்கிறான் என்று பார்த்து, அவன் திரும்ப முடியாத பக்கமாக நழுவுகிற ரெய்டர்தான் அவர். பெரிய உருவமும் கிடையாது. அந்தக் கால்களை மைதானம் வரை கொண்டுவந்து சேர்த்தவர்களை யாரும் அதிகம் பேசுவதில்லை என்பதால்தான் இந்த மடல்.

தலைநகர் சுவாவை ஒட்டிய நசினுவில், நியூடவுன் ரவுண்டானாவின் புல்தரையில் பையன்கள் விளையாடியபோது விரட்டாமல் விட்டீர்களே, அதற்கே பெரிய நன்றி. சரியான பந்துகூட இல்லாத பிள்ளைகள் கிடைத்ததை வைத்து விளையாடும் நாடு ஃபிஜி. இடமாவது இருக்க வேண்டும் அல்லவா? சுவாவின் மாரிஸ்ட் செவன்ஸ் போன்ற உள்ளூர்ப் போட்டிகளை நடத்துகிறவர்களையும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன். பெயர் தெரியாத பையன் நாலு பேர் கண்ணில் படுவதற்கு அங்கே வேறு வழி குறைவு.

பென் ரையன் அவர்களே, உங்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 2013இல் இங்கிலாந்திலிருந்து ஃபிஜிக்குப் பயிற்சியாளராகப் போனீர்கள். ஃபிஜி ரக்பி சங்கத்திடம் அப்போது பணமே இல்லை, முதல் சில மாதங்கள் உங்களுக்குச் சம்பளமும் வரவில்லை. மூட்டை கட்டிக்கொண்டு திரும்பியிருந்தால் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்களோ தங்கி, ஆட்டக்காரர்களைச் சிங்காத்தோகா மணல்மேடுகளில் மூச்சு வாங்க ஓடவிட்டீர்கள். 2014இல், 25 வயதான துவாயை கோல்ட் கோஸ்ட் போட்டிக்கு அழைத்துப் போனீர்கள். செவன்ஸில் அது சின்ன வயசு இல்லை. அந்த வயதில் புதுமுகத்தை நம்பித் தேர்வு செய்ய ஒரு துணிச்சல் வேண்டும்.

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். 2016 பிப்ரவரியில் ஃபிஜியில் வின்ஸ்டன் புயல் 44 உயிர்களைக் கொண்டுபோனது. அதே வருஷம் ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் பிரிட்டனை 43–7 என்று உங்கள் அணி நொறுக்கியது. 1956 முதல் ஒலிம்பிக்குக்குப் போய்வந்த நாட்டுக்கு அதுதான் முதல் பதக்கம். பதக்கம் வாங்க ஒவ்வொருவராக இளவரசி ஆன் முன்னால் மண்டியிட்டார்கள். தலைவர் ஒசேயா கொலினிசாவு அவர்களே, அந்த அணியைக் கட்டிக்காத்ததற்கு உங்களுக்கும் நன்றி.

அந்த வெற்றிக்குப் பிறகு அணித் தோழர்களில் நக்கராவா பாரிஸ் கிளப்புக்கும் மாத்தா எடின்பரோ கிளப்புக்கும் போனார்கள். அதில் தவறே இல்லை. குடும்பத்தைக் காப்பாற்ற ஃபிஜி ஆட்டக்காரர்களுக்கு அப்போது ஐரோப்பிய கிளப் சம்பளம்தான் பெரிய வழி. துவாய் செவன்ஸிலேயே இருந்தார். 2019இல் உலகின் சிறந்த செவன்ஸ் வீரர் விருது அவரிடம் வந்தது. அவர் தங்கியதற்கு வீட்டில் இருந்தவர்களும் ஒரு விலை கொடுத்திருப்பார்கள். எவ்வளவு என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தக் குடும்பங்களைப் பற்றி இன்னும் ஒன்று. டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன்னால், கோவிட் காலத்தில், ஆட்டக்காரர்கள் மாதக்கணக்கில் வீட்டு முகமே பார்க்காமல் முகாமில் கிடந்தார்கள். வழக்கமான விமானங்கள் நின்றுபோனதால், உறைந்த மீன் ஏற்றிச் செல்லும் சரக்கு விமானத்தில்தான் ஒலிம்பிக்குக்கே போனார்கள். 2021 ஜூலை 28 அன்று நியூசிலாந்தை 27–12 என்று வென்றபோது தலைவர் துவாய், பயிற்சியாளர் கேரத் பேபர். தங்கப் பதக்கம் பற்றிய செய்திகளில் அவர்கள் இருவரும் வந்தார்கள். ஊரடங்கில் தனியாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட மனைவிமார், பாட்டிகள், அக்கம்பக்கத்தார் வரவில்லை. உங்கள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

ஒரு சின்ன ஆதங்கம். ஃபிஜியில் நாண்டி முருகன் கோயிலைக் கட்டிய எங்கள் வம்சாவளியினர் கால்பந்துப் பக்கம்தான் அதிகம் சாய்ந்தார்கள். அதனால் தமிழில் இந்த ஆட்டத்தைப் பற்றி எழுத்தே குறைவு. நல்ல வேளை, ஆட்டத்தை ரசிக்க மொழி தேவைப்படவில்லை.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 35 வயதில் துவாய் மறுபடி களமிறங்கினார். இந்த முறை பயிற்சியாளராக இருந்தவர், ரியோவில் அவருடைய அணித்தலைவராக இருந்த கொலினிசாவு. இறுதிப் போட்டியில் நட்சத்திர ஆட்டக்காரர் டுபோனின் பிரான்ஸ் 28–7 என்று ஜெயித்துவிட்டது. வருத்தம்தான். ஆனாலும் அந்த வயதிலும் அவரைக் கூப்பிட்டீர்களே கொலினிசாவு, அதற்கு இன்னொரு முறை நன்றி.

இப்படிக்கு,
ஒரு தமிழ் செவன்ஸ் ரசிகன்