இறால் பண்ணைக்கு ஒரு கதவு, மனிதனுக்கு ஒரு சுவர்: நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கை நாடாளுமன்றத்தின் மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கிழக்கு மாகாண நீதிமன்றங்களில் உரைபெயர்ப்பாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். கூண்டில் நிற்பவர் தமிழில் சொல்வதைச் சிங்களத்தில் சொல்வேன், நீதிபதி சிங்களத்தில் கேட்பதைத் தமிழில் சொல்வேன். என் சொந்தக் கருத்துக்கு அங்கே இடம் இருந்ததில்லை. இப்போது என் சொந்தக் குரலில் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது: ஐ.நா. மனித உரிமைகள் குழு விதிமீறல் நடந்தது என்று கண்ட வழக்கை, நம்முடைய நீதிமன்றம் திரும்பத் திறக்க வழி தரும் ஒரு சட்டம்.

வருடக்கணக்காக என்னை விட்டுப் போகாத ஒரு காலை நேரம் உண்டு. வழக்கு கூப்பிடுவதற்கு முன் ஒரு தாய் விறாந்தையில் என்னை மறித்து, மடித்து மடித்து நைந்துபோன போட்டோப் பிரதி ஒன்றை நீட்டினார். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் எடுக்கப்பட்ட அவருடைய மகனின் வாக்குமூலம் அது. மூன்று பக்கம், முழுக்கச் சிங்களம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு கைநாட்டு. "தம்பி, என்ர பிள்ளை ஓஎல் எழுதினவன். வடிவாக் கையெழுத்து வைப்பான். ஏன் கைநாட்டு வைச்சிருக்கிறான்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தாளில் எழுதியிருந்ததை மட்டும் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

அதே போன்ற ஒரு தாள்தான் இந்த நாட்டின் சட்டப் புத்தகங்களில் ஒரு பெரிய வழக்காக மாறியது. சிங்கராசா வழக்கு என்றால் உங்களில் சட்டத்தரணிகளாக இருப்பவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1993 ஜூலை 16 விடியற்காலை, மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு சுற்றிவளைப்பு. பிடிபட்ட ஏறக்குறைய 150 தமிழ் ஆண்களோடு, வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த சிங்கராசாவும் கொண்டுபோகப்பட்டார். மாதங்கள் கழித்து ஓர் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் முன்னிலையில் வாக்குமூலம் எடுத்தார்கள். தமிழிலிருந்து சிங்களத்துக்கு மொழிபெயர்த்தவர் ஒரு பொலிஸ் கான்ஸ்டபிள். அடித்துத்தான் கைநாட்டு வாங்கினார்கள் என்று சிங்கராசா சொன்னார். முதுகிலும் இடது கண்ணிலும் தழும்பு இருப்பதாக மருத்துவ அறிக்கை சொன்னது. ஆனால் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, வாக்குமூலம் பலவந்தமாகப் பெறப்பட்டது என்பதை நிரூபிக்க வேண்டியவர் குற்றஞ்சாட்டப்பட்டவர்தான். 1995இல் கொழும்பு மேல் நீதிமன்றம் 50 வருடம் கொடுத்தது. மேன்முறையீட்டில் அது 35 ஆகக் குறைந்தது. அதற்கும் மேலே முறையிட, நாட்டின் ஆக மேலான நீதிமன்றமான உயர் நீதிமன்றம் அனுமதி மறுத்தது.

உள்நாட்டில் வழி தீர்ந்துவிட்டது. ஆனால் இலங்கை 1980இல் குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் சேர்ந்திருந்தது. 1997இல் அதன் விருப்புரிமை நெறிமுறையையும் ஏற்றுக்கொண்டது. உள்நாட்டில் நீதி கிடைக்காதவர் ஜெனீவாவில் உள்ள ஐ.நா. மனித உரிமைகள் குழுவுக்கு முறையிடலாம் என்பதுதான் அந்த நெறிமுறை. அவர் முறையிட்டார். நியாயமான விசாரணை நடக்கவில்லை, அவரை விடுதலை செய்யுங்கள் அல்லது மறுபடி விசாரியுங்கள், நட்டஈடும் கொடுங்கள், 16ஆம் பிரிவைத் திருத்துங்கள் என்று 2004 ஜூலையில் குழு சொன்னது. அதை எடுத்துக்கொண்டு அவருடைய சட்டத்தரணிகள் திரும்பவும் கொழும்பு புதுக்கடையில் உள்ள உயர் நீதிமன்றத்துக்கு வந்தார்கள்.

2006 செப்டம்பர் 15 அன்று பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையில் ஐந்து நீதியரசர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். சர்வதேச உடன்படிக்கை நாட்டைத்தான் கட்டும், உள்நாட்டுச் சட்டமாக்கப்படாதவரை யாருக்கும் உரிமை தராது என்றார்கள். அதற்கும் மேலே போய், விருப்புரிமை நெறிமுறையை ஏற்றதன் மூலம் ஜனாதிபதி நீதித்துறை அதிகாரத்தை வெளிநாட்டுக் குழுவொன்றுக்குக் கொடுத்துவிட்டார், அது அரசியலமைப்புக்கு முரண், நாட்டுக்குள் அதற்கு எந்தப் பலனும் இல்லை என்றார்கள்.

இந்தத் தீர்ப்பின் முதல் பாதியை நான் தூக்கியெறிய மாட்டேன். சர்வதேசச் சட்டம் வேறு, உள்நாட்டுச் சட்டம் வேறு, இடையில் பாலம் போடுவது நாடாளுமன்றம் என்பது பிரித்தானியரிடமிருந்து நமக்கு வந்த முறை. ஜனாதிபதி ஒரு கையெழுத்தால் சட்டம் இயற்றக் கூடாது என்பதில் நியாயம் இருக்கிறது. அரசியலமைப்பின் 27(15)ஆம் உறுப்புரை உடன்படிக்கைக் கடப்பாடுகளை மதிக்க அரசு முயல வேண்டும் என்கிறது. ஆனால் அதை நீதிமன்றத்தில் நிலைநாட்ட முடியாது என்று 29ஆம் உறுப்புரை சொல்லிவிடுகிறது. எல்லாம் சரி. அப்படியென்றால் அந்தத் தீர்ப்பு கை காட்டுவது உங்களை நோக்கித்தானே?

இங்கே இன்னொரு கதையையும் சொல்ல வேண்டும். அதுவும் மட்டக்களப்பில்தான் நடந்தது. 1987 ஜனவரி 28. கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஓர் இறால் பண்ணை படை நடவடிக்கையில் அழிந்தது. பண்ணையில் வேலை செய்த எங்கள் சனம் பலர் கொல்லப்பட்டார்கள். பண்ணையில் பங்கு வைத்திருந்தது ஹொங்கொங் கம்பனி ஒன்று. பிரித்தானியாவுக்கும் இலங்கைக்கும் இடையில் 1980இல் செய்யப்பட்ட முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தம் ஹொங்கொங்குக்கும் நீட்டிக்கப்பட்டிருந்தது. அந்தக் கம்பனி நேரே வாஷிங்டனில் இருக்கும் முதலீட்டுத் தகராறு நிலையத்துக்குப் போனது. இலங்கை அரசு அங்கே போய் வாதாடியது. 1990 ஜூனில் நடுவர் மன்றம் கம்பனிக்கு 4,60,000 அமெரிக்க டொலரும் வட்டியும் கொடுக்கச் சொன்னது. முதலீட்டு ஒப்பந்தத்தை வைத்து ஒரு முதலீட்டாளர் ஓர் அரசுக்கு எதிராக வென்ற உலகின் முதல் வழக்கு இதுதான். சட்ட மாணவர்கள் எங்கள் ஊர் இறாலை உலகமெங்கும் படிக்கிறார்கள்.

அப்புறம் அரசியலமைப்பின் 157ஆம் உறுப்புரையைப் பாருங்கள். வெளிநாட்டு முதலீட்டைப் பாதுகாக்கும் ஒப்பந்தத்தை நாடாளுமன்றம் மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் ஏற்றால், அது நாட்டுக்குள்ளேயே சட்டமாகும். தேசிய பாதுகாப்புக்காக அன்றி, அதற்கு முரணாகச் சட்டம் இயற்றவும் முடியாது. ஆக, முதலீட்டுக்குப் பாலம் போட நமக்குத் தெரியும். அரசியலமைப்பிலேயே போட்டு வைத்திருக்கிறோம். ஒரே மாவட்டம், ஆறே வருட இடைவெளி. இறால் குளத்தில் பங்கு வைத்திருந்த கம்பனிக்கு வெளியே ஒரு நீதிமன்றம் இருந்தது. கைநாட்டு வைத்த மனிதனுக்கு வெளியே கிடைத்த தீர்மானம் கட்டுநாயக்கா விமான நிலையத்தைத் தாண்டி உள்ளே வரவில்லை. இது சட்டக் கோட்பாட்டின் குற்றம் இல்லை. எதற்குப் பாலம் போடுவது என்று நாம் தேர்ந்தெடுத்ததன் விளைவு.

நம்முடைய நீதிமன்றங்களும் எப்போதும் இப்படி இறுகி இருக்கவில்லை. 2000ஆம் ஆண்டு எப்பாவல பொஸ்பேட் வழக்கில், நிலத்தை இழக்கப் பயந்த விவசாயிகளுக்காக உயர் நீதிமன்றம் ஸ்டொக்ஹோம், ரியோ என்ற சர்வதேசச் சுற்றுச்சூழல் பிரகடனங்களை எடுத்துப் பேசியது. அவை கட்டுப்படுத்தும் உடன்படிக்கைகள்கூட இல்லை. அதே வருடம் வீரவன்ச வழக்கில், தடுத்துவைக்கப்பட்டவர் நீதிபதி முன் கொண்டுவரப்படும் உரிமையை நீதியரசர் மார்க் பெர்னாண்டோ சர்வதேச உடன்படிக்கையைத் துணைக்கு வைத்துத்தான் விளக்கினார். ஆறு வருடத்தில் காற்று திசைமாறிவிட்டது.

2007இல் உங்களுக்கு முன் இருந்தவர்கள் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள், 56ஆம் இலக்கம். குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் பெயரை நெற்றியில் ஒட்டிக்கொண்டு, உள்ளே சில துண்டுகளை மட்டும் வைத்தார்கள். ஜெனீவாவுக்குப் போய் வந்தவருக்கு என்ன வழி என்பது பற்றி அதில் ஒரு வரி இல்லை. ஆனால் வெறுப்பைத் தூண்டுவதற்கு எதிரான 3ஆம் பிரிவு இருக்கிறது, அது நன்றாகவே வேலை செய்தது. 2019இல் ஒரு சிறுகதை எழுதியவரை அதன் கீழ் மாதக்கணக்கில் விளக்கமறியலில் வைத்தார்கள். கப்பல் சுக்கான் படம் போட்ட உடுப்பு அணிந்த ஒரு முஸ்லிம் பெண்ணை, அது தர்மச் சக்கரம் என்று சொல்லிப் பிடித்தார்கள். மனித உரிமைக்கென்று எழுதிய உடன்படிக்கை ஒரு பெண்ணின் சட்டைத் துணியில் வந்து முடிந்ததைப் பார்த்தபோது எனக்கு அழுகைதான் வந்தது.

ஒழுங்காகச் செய்ததும் உண்டு. சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தை 1994இல் 22ஆம் இலக்கச் சட்டமாக்கினோம். ஆகக் குறைந்தது ஏழு வருடச் சிறை என்று எழுதினோம். அமுல்படுத்துவதில் ஆயிரம் குறை இருக்கலாம், ஆனால் பாலம் இருக்கிறது.

நான் கேட்பது இதுதான். மனித உரிமைகள் குழு ஒரு வழக்கில் விதிமீறல் நடந்தது என்று கண்டால், அந்த வழக்கைத் திரும்பத் திறக்கும்படி உயர் நீதிமன்றத்திடம் மனுச் செய்ய ஒருவருக்கு உரிமை தரும் சட்டம் ஒன்று வேண்டும். தீர்மானிப்பது நம்முடைய நீதிபதிகள்தான். குழுவின் கருத்தை அவர்கள் வாசிக்க வேண்டும், ஏற்காவிட்டால் காரணம் எழுத வேண்டும், அவ்வளவுதான். நீதித்துறை அதிகாரம் புதுக்கடையை விட்டு ஓர் அங்குலமும் நகராது. ஆகவே 2006ஆம் ஆண்டுத் தீர்ப்பின் ஆட்சேபம் இதற்குப் பொருந்தாது என்பது என் உறுதியான எண்ணம். கொலம்பியா 1996லேயே, இந்தக் குழு சொன்னால் நட்டஈடு கொடுக்க வழி செய்யும் சட்டம் இயற்றியது. அங்கேயும் அரசாங்கம் இருக்கிறது, அங்கேயும் போர் இருந்தது.

கூடவே 16ஆம் பிரிவு போக வேண்டும். 2022இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைத் திருத்தியபோதும் பொலிஸ் வாக்குமூலத்தில் கை வைக்கவில்லை. உள்ளே அந்தப் பிரிவை வைத்துக்கொண்டு வெளியே எத்தனை உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டாலும், அந்தத் தாய் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை.

நெறிமுறையிலிருந்து இலங்கை இன்னும் விலகவில்லை. எங்கள் பிள்ளைகள் இன்றைக்கும் ஜெனீவாவுக்கு மனு எழுதலாம். பதில் வந்தால் அதை எந்த நீதிமன்றத்தில் கொடுப்பது என்பதுதான் தெரியவில்லை.

இதற்கு நாலு பிரிவுகள் கொண்ட சிறிய சட்டமூலம் போதும். அரசாங்கம் கொண்டுவராவிட்டால் உங்களில் ஒருவர் தனிநபர் சட்டமூலமாகக் கொண்டுவரலாம். வரைவைச் சிங்களத்தில் எழுதினால், தமிழ்ப் பிரதியைச் சரிபார்க்க நான் வருகிறேன். பஸ் செலவுகூட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற உரைபெயர்ப்பாளர் ஒருவர்,
மட்டக்களப்பு