பிளக்கைச் சொருகுவதற்கு முன்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள பாப்பா,

உன் மேண்டலினுக்கான வால்வு ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) நாளைக்கு பஸ் பார்சலில் பெங்களூர் வந்துவிடும். வால்வு மூன்றையும் கழற்றித் தனி டப்பாவில் வைத்திருக்கிறேன். மேண்டலினை மாட்டிப் பார்க்க உனக்குக் கை பரபரக்கும். பொறு, முதலில் இதைப் படி.

உள்ளே இருப்பது ஃபெண்டர் சாம்ப், 5எஃப்1 சர்க்யூட்: ஒலியை முதலில் பெருக்கும் வால்வு 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கரை ஓட்டும் வால்வு 6வி6, ஏசியை டிசி ஆக்கும் ரெக்டிஃபையர் வால்வு 5ஒய்3. ஐந்து வாட்தான். முதுநகரில் துறைமுகத்தை ஒட்டிய வீட்டில் கிடந்த பெட்டி. சாக்கெட் பின் ஒவ்வொன்றிலும் பச்சைக் களிம்பு. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த சின்ன பிரஷ்ஷால் தேய்த்து எடு.

இனி எப்போது திறந்தாலும், பிளக்கை எடுத்த பிறகும் டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கண்டன்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம் என்று வைத்துக்கொள். 10கே (பத்தாயிரம் ஓம்), 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள கிளிப்பில் மாட்டி, கண்டன்சரின் பிளஸ்ஸுக்கும் சேசிஸுக்கும் (உலோகச் சட்டம்) நடுவே சில விநாடி பிடி. மீட்டர் 5 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால்தான் கை உள்ளே போகலாம்.

இது 117 வோல்ட் பெட்டி. டிரான்ஸ்ஃபார்மர் 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றியது. நம் 50 ஹெர்ட்ஸில் அதே வோல்ட் கொடுத்தால் கோர் அதிகம் சூடாகும். அதனால் 230-ஐ 110 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மராக வாங்கு, 100 விஏ (வோல்ட்-ஆம்ப்) தாராளம். வால்வைச் சூடாக்கும் ஹீட்டருக்கு 6.3 வோல்ட்டுக்குப் பதில் 5.9 வரும், பரவாயில்லை. பழைய இரண்டு வயர் கார்டை எடுத்துவிட்டு மூன்று வயர் போட்டு, எர்த்தை சேசிஸில் தனி போல்ட்டில் இறுக்கு. மெயின்ஸிலிருந்து சேசிஸுக்குப் போகும் கண்டன்சரை வெட்டி எறி. அது ஷார்ட்டானால் மேண்டலின் தந்தியில் கரன்ட் வரும். ஸ்டெப்டவுன் பெட்டியின் வெளிமுனை பல கடைகளில் இரண்டு ஓட்டைதான், எர்த் அங்கேயே அறுந்துபோகும். சுவர் பிளக்கின் பெரிய பின்னிலிருந்து சேசிஸ் வரை மீட்டர் 'பீப்' அடிக்கிறதா பார்.

ஃபில்டர் கண்டன்சர் மூன்றையும் யோசிக்காமல் மாற்று: முதலில் 16 அல்லது 22 மைக்ரோ (மைக்ரோஃபாரட்), மற்ற இரண்டும் 8 அல்லது 10. முதலாவதை 22-க்கு மேல் ஏற்றாதே, 5ஒய்3 தாங்காது. எல்லாம் 500 வோல்ட்டாக இருக்கட்டும். 5ஒய்3 சட்டென்று சூடாகிவிடும், 6வி6 மெதுவாகத்தான். அந்த இடைவெளியில் வோல்ட் 400-ஐத் தாண்டும்.

முதல் தடவை ஸ்டெப்டவுனின் 230 வோல்ட் பக்கத்தில் 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் போடு. வால்வு இல்லாமல் பல்பு மினுக்கினால் போதும். வால்வு மாட்டிய பிறகு பளிச்சென்று எரிந்து மங்கவேண்டும். மங்காவிட்டால் எங்கோ ஷார்ட். ஸ்பீக்கர் இல்லாமல் மட்டும் ஓட்டாதே, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

12ஏஎக்ஸ்7-இன் ஒலியை மட்டும் 6வி6-க்கு விட்டு டிசியைத் தடுக்கும் கப்ளிங் கண்டன்சரைப் பழசு என்பதற்காகத் தூக்கிப் போடாதே. பல்பை எடுத்துவிட்டு, 6வி6-ஐக் கழற்றி, சாக்கெட்டின் 5-ஆம் பின்னில் (ஒலி உள்ளே போகும் கிரிட்) டிசி பார். பூஜ்யம் வரவேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் நின்றால் கசிவு. எது கசிகிறது என்பதுதான் கேள்வி. அந்தப் பின்னோடு சேரும் கண்டன்சர் முனையைத் தூக்கியதும் வோல்ட் போய்விட்டால் குற்றம் கண்டன்சருடையது. போகாவிட்டால் போர்டு. பாகங்களைப் பொருத்திய அந்தக் கறுப்பு ஃபைபர் போர்டு ஈரத்தைக் குடித்துவைக்கும். ஒன்றுமில்லாத இடத்தில் மீட்டர் முனையை வைத்தாலே வோல்ட் காட்டும். ஹேர் டிரையரால் மெதுவாக உலர்த்தி மறுபடி அளந்து பார். கடலோரத்துப் பெட்டியில் எனக்கு முதல் சந்தேகம் எப்போதும் போர்டின் மேல்தான்.

பிறகு 6வி6-ஐ மாட்டி 8-ஆம் பின்னைப் (கேத்தோடு) பார். அங்கிருக்கும் 470 ஓம் ரெசிஸ்டர் மேல் 19 வோல்ட் என்றால் 40 மில்லிஆம்ப், சரி. வால்வின் தகடு செக்கச் சிவந்தால் உடனே அணை.

அடுத்தது உன் மாடிஃபிகேஷன். முதல் ஸ்டேஜின் 1.5கே கேத்தோடு ரெசிஸ்டர் மேல் 25 மைக்ரோ கண்டன்சர் போட்டால் கெயின் (பெருக்கம்) ஏறும் என்கிறாய். ஏறும்தான், கிட்டாருக்கு அது அழகு. கமகத்துக்கு உதவாது: தந்தியை இழுக்கும்போது ஒலி கரகரத்தால் ஸ்வரம் மங்கிவிடும். உனக்கு வேண்டியது தெளிவு. 12ஏஎக்ஸ்7 இருந்த இடத்தில் 5751 அல்லது 12ஏஒய்7 மாட்டு, பின் எல்லாம் அதேதான். பெருக்கம் 100-லிருந்து முறையே 70, 44-க்கு இறங்கும். சாலிடர்கூட வேண்டாம். ஸ்பீக்கரிலிருந்து ஒலியில் கொஞ்சத்தை முன்னால் திருப்பி அனுப்பும் 22கே ஃபீட்பேக் ரெசிஸ்டரையும் எடுக்காதே. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் மாற்ற நேர்ந்து வீல் என்று ஊளையிட்டால், அதன் பிரைமரி (வால்வுப் பக்க) வயர் இரண்டையும் இடம் மாற்று.

கழற்றிய பழைய பாகங்களை ஒரு கவரில் போட்டு பெட்டிக்குள்ளேயே ஒட்டிவை. 5-ஆம் பின்னில் என்ன வந்தது என்று இரவு போனில் சொல்.

அன்புடன்,
அப்பா