ஒரு ஆளுக்குப் பதினைந்து சைக்கிள் எதற்கு?

சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா
ஆகஸ்ட் மாதம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். நீங்கள், சித்தி, பிள்ளைகள் அனைவரின் நலமறிய ஆவல்.

இங்கே பழைய சைக்கிள் சேர்க்கிறவர்களைப் பற்றிப் போன வாரம் போனில் ஒன்று கேட்டீர்கள்: "ஒரு ஆளுக்குப் பதினைந்து சைக்கிள் எதற்கு? நம்ம கடையில வாடகைக்கு விட்டதே பன்னிரண்டுதானே." போனில் அதற்குப் பதில் சொல்லி முடியாது. நாற்பது வருஷம் சைக்கிள் கடை வைத்திருப்பவர் நீங்கள். உங்களுக்குக் கணக்கோடு சொன்னால்தான் நியாயம், அதனால் எழுதுகிறேன்.

இங்கே இப்போது குளிர்காலம். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை மழை குறைவு, காற்றில் ஈரமும் குறைவு. பழைய சைக்கிள் வைத்திருப்பவர்கள் வண்டியைக் கழற்றிப் போட்டு ஓவராயில் பண்ணுவது இந்த மூன்று மாதத்தில்தான். டிசம்பர் வந்துவிட்டால் நாகப்பட்டினத்துக் கோடை மாதிரி பிசுபிசுப்பு. கடற்காற்றில் உப்பு வேறு. துடைக்காமல் விட்ட ரிம்மில் ஒரு வாரத்தில் செம்புள்ளி விழுந்துவிடும்.

1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் மதராஸிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஆள் கொண்டுவந்து இறக்கிய ஊர் இது. அப்படி வந்தவர்களின் வழித்தோன்றல்கள் பலர் சாட்ஸ்வர்த்திலும் பீனிக்ஸிலும் இருக்கிறார்கள். பேச்சில் தமிழ் குறைந்துபோனது. கோயிலில் இருக்கிறது, தைப்பூசக் காவடியில் இருக்கிறது. சைக்கிள் பாகத்துக்கு மட்டும் ஆங்கிலப் பேர்தான். பேரிங் குண்டுக்கு நம்ம 'பால்ரஸ்', சக்கரக் கம்பிக்கு நம்ம 'போக்ஸ் கம்பி' எல்லாம் இங்கே செல்லாது.

வண்டிகள் ஆனால் நம்ம ஊர் வண்டிகள்தான். இரண்டு ஊரையும் ஆண்டது ஒரே வெள்ளைக்காரன் என்பதால் அங்கே வந்த ராலே, ஹம்பர், ரட்ஜ், பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ், பிலிப்ஸ் எல்லாம் இங்கேயும் வந்திருக்கின்றன. ஒரே வித்தியாசம், நமக்கு 1949இல் டி.ஐ. சைக்கிள் கம்பெனி தொடங்கி, அம்பத்தூரிலேயே ஹெர்குலிஸ் செய்ய ஆரம்பித்தார்கள். அதனால் நம்ம ஊரில் 28 அங்குல வண்டிக்கு இன்றைக்கும் டயர், ரிம், பிரேக் கட்டை கிடைக்கிறது. இங்கே கடைக்குப் போனால் மலைச் சைக்கிள் சாமான்தான் தொங்கும். பதினைந்து சைக்கிளுக்குக் காரணம் இங்கேயே ஆரம்பிக்கிறது.

பெரும்பாலும் முதல் வண்டி தாத்தா வேலைக்குப் போன வண்டியாகத்தான் இருக்கும். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையிலிருந்து வெளியே எடுப்பார்கள். பின் ரிம் இற்றுப்போயிருக்கும். பழைய இங்கிலீஷ் வண்டியில் முன்னே 32 போக்ஸ் கம்பி, பின்னே 40. இங்கே கடையில் இருப்பது 36 ஓட்டை ரிம். கிடைத்ததை மாட்டலாம் என்றாலும் ஆகாது. கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பி இழுக்கும் 'கம்பி பிரேக்' வண்டிக்குக் கட்டை ரிம்மின் உள்பக்கத்தில் போய்ப் பிடிக்கவேண்டும், அதற்கு வெஸ்ட்வுட் ரிம்தான் தோது. டயரிலும் இதே குழப்பம். '28' என்று போட்டிருப்பதை நம்பி வாங்கினால், அது 622 மில்லிமீட்டர் ரிம்முக்கான டயராக இருக்கும். நம்ம 28 × 1½ ரிம்முக்கு 635 வேண்டும். 13 மில்லிமீட்டர் வித்தியாசத்தை எந்த நெம்புகோலும் ஏற்றாது. 26 அங்குலத்திலும் அப்படித்தான்: 26 × 1⅜ என்பது 590, மலைச் சைக்கிளின் 26 என்பது 559.

ஆக ஒரு பின் சக்கரத்துக்காக இன்னொரு பழைய வண்டியைத் தேடுகிறார்கள். விற்கிறவர் சக்கரத்தை மட்டும் கழற்றித் தரமாட்டார், வண்டியோடு எடுத்துக்கொண்டு போ என்பார். வீட்டுக்கு வந்ததும் சக்கரம் முதல் வண்டிக்குப் போய்விடும். மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்த்தால், நேரான பிரேம், முன் சக்கரத்தைப் பிடிக்கும் கைபடாத போர்க்கு, உயிருள்ள புரூக்ஸ் தோல் சீட்டு. அதை யாருக்கு எறிய மனசு வரும்? அதற்கு ஒரு பின் சக்கரம் வேண்டும் என்று மூன்றாவதைத் தேட ஆரம்பிப்பார்கள். சித்தப்பா, பதினைந்தில் பத்து வண்டியின் கதை இதுதான். ஒவ்வொரு வண்டியும் முன்னால் வந்த வண்டியின் குறையைத் தீர்க்க வந்தது, வரும்போது தன் குறையையும் கொண்டுவந்தது.

பெடல் அச்சு உட்கார்ந்து சுற்றும் கப்பில் இது இன்னும் மோசம். மற்ற இங்கிலீஷ் வண்டிகளில் அங்குலத்துக்கு 24 மரை. ராலேயும், ராலே தொழிற்சாலையில் செய்த வண்டிகளும் 26 மரை. ஹேண்டில் கப்பிலும் அதே 26. பேரை வைத்து முடிவுகட்ட முடியாது, ஏனென்றால் ஹம்பர் 1932இலும் ரட்ஜ் 1943இலும் பி.எஸ்.ஏ. சைக்கிள் 1957இலும் ராலே கைக்குப் போய்விட்டன. ஒரே பேரில் முந்தைய வண்டி ஒரு மரை, பிந்தைய வண்டி இன்னொரு மரை. 24 மரைக் கப்பை 26 மரை ஷெல்லில், அதாவது பிரேமில் கப் ஏறும் குழாயில், வைத்தால் இரண்டு சுற்று அழகாக இறங்கும். பிறகு இறுகும். துருவாக இருக்கும் என்று நினைத்துப் பெரிய ஸ்பேனர் போட்டு அழுத்துவார்கள். கப் உள்ளே போகும், ஷெல்லின் மரையையும் அறுத்துக்கொண்டு போகும். பிரேம் அதோடு சரி. மரை கேஜ் வைத்துப் பார்க்க அரை நிமிஷம் ஆகாது. செயின் பக்கத்துக் கப் இடது மரை என்பதும் புதிதாக வருகிறவர்களுக்குத் தெரிவதில்லை. கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே இருப்பார்கள்.

கிராங்கை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின்னைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இங்கே நல்ல வண்டிகள் பாழாவது அதனால்தான். ராலேக்கு மூணு நூல் பின், அதாவது 9.5 மில்லிமீட்டர். சில வண்டிகளுக்கு 9. கழற்றும்போது கிராங்குக்கு அடியில் இரும்புக் குழாய் முட்டுக் கொடுக்காமல் சுத்தியலால் அடித்தால், அடி முழுக்க பால்ரஸ் வழியாகக் கப்பில் இறங்கிக் குழி விழும். அப்புறம் எத்தனை கிரீஸ் வைத்தாலும் பெடல் கடகடவென்றுதான் சுற்றும். விவரம் தெரிந்தவர்கள் இரண்டு நாள் முன்பே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, நட்டைப் பின்னின் நுனி மட்டத்துக்குத் தளர்த்தி விட்டு, கிளாம்பு வைத்து அழுத்தி எடுக்கிறார்கள். திரும்பப் போடும்போதும் அழுத்தித்தான் ஏற்றணும். நட்டால் இழுத்து ஏற்றினால் மரை போய்விடும், நட்டு என்பது பின் விழாமல் இருக்க மட்டும்தான். இரண்டு பின்னும் எதிரெதிர்ப் பக்கமாக நுழையவேண்டும், இல்லாவிட்டால் இரண்டு கிராங்கும் ஒரே கோட்டில் நிற்காது.

இந்த ஊர் மேடு பள்ளம். கடற்கரைச் சாலை மட்டும் தட்டையாக நீண்டு கிடக்கும், ஞாயிறு காலையில் எல்லாரும் அங்கேதான் ஓட்டுகிறார்கள். அதைத் தாண்டினால் ஏற்றம்தான். கிட்டத்தட்ட இருபது கிலோ எடையுள்ள ஒற்றைக் கியர் வண்டியை இறங்கித் தள்ளவேண்டியதுதான். அதனால் இங்கே எல்லாருக்கும் கண் பின் சக்கர நடுவில் இருக்கும் ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் மேல். நம்ம கடைக்கு அது அதிகம் வந்ததில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1936இல் வந்த ஏ.டபிள்யூ. மாடல்தான் அதிகம். அச்சோடு அசையாமல் இருக்கும் நடுப் பல்சக்கரத்துக்கு 20 பல், அதைச் சுற்றி ஓடும் நான்கு சிறு பல்சக்கரத்துக்கும் 20 பல், வெளி வளையத்துக்கு 60. நடுக் கியரில் செயின் ஓடும் பின் பல்சக்கரத்தின் வேகமே சக்கரத்தின் வேகம். மேல் கியரில் பல்சக்கரம் மூன்று சுற்றினால் சக்கரம் நான்கு சுற்று, கீழ்க் கியரில் நான்குக்கு மூன்று. இத்தனையும் கைக்குள் அடங்கும் ஒரு உருளைக்குள் ஓடுகிறது. எண்ணெய் மட்டும் காயாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு தலைமுறைக்கு வரும்.

அந்த ஹப்பை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் கறுப்புப் பிசுக்கு விலகி எழுத்து தெரியும்: 'ஏ.டபிள்யூ.', பக்கத்தில் '58', அதற்குப் பிறகு '4'. 1958 ஏப்ரலில் செய்தது என்று அர்த்தம். வண்டியின் வயசே அதுதான் என்று சொல்லிவிட முடியாது, சக்கரம் நடுவில் மாற்றியிருக்கலாம். ஆனாலும் அந்த எண்ணைப் பார்த்த பிறகு மனுஷன் மாறிவிடுகிறான். பிறந்த வருஷத்து ஹப் வேண்டும் என்கிறான், அப்பா கல்யாண வருஷத்து ஹப் வேண்டும் என்கிறான். அதற்கு ஒரு வண்டி, இதற்கு ஒரு வண்டி.

இதில் தப்பு நடக்கும் இடம் கேபிள். இரண்டாம் கியரில் வைத்து, வலது நட்டில் உள்ள ஓட்டை வழியாகப் பார்க்கணும். சின்னச் சங்கிலி சேரும் கம்பியின் தோள், அச்சின் முனையோடு மட்டமாக நிற்கணும். அது விலகியிருந்தால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் எதிலும் பிடிக்காத ஒரு நிலை வரும். எழுந்து நின்று மிதிக்கும்போது பெடல் சும்மா சுற்றி, ஆள் பாரில் போய் விழுவான். ஹப் கெட்டுவிட்டது என்று இன்னொன்று வாங்குகிறவர்களும் உண்டு. அது வீண் செலவு. கேபிளைச் சரியாகக் கட்டினாலே போதும். எண்ணெய் விஷயத்தில், 20 அல்லது 30 நம்பர் எண்ணெய் மாதம் ஒரு தேக்கரண்டி ஊற்றினால் சரி. தேங்காய் எண்ணெய் ஊற்றினால் உள்ளே பிசினாகி, கியர் மாறாமல் ஒட்டிக்கொள்ளும். ஏற்றத்துக்காகப் பின் பல்சக்கரத்தை 18 பல்லிலிருந்து 22 ஆக்குகிறார்கள். வட்டக் கிளிப்பை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தால் பல்சக்கரம் கழன்றுவிடும், செயினில் ஒரு அங்குலம் கூட்டணும், அவ்வளவுதான். இந்த ஹப்பைச் செய்த நாட்டிங்காம் தொழிற்சாலை 2000இல் மூடிவிட்டது, பேர் தைவான் கம்பெனிக்குப் போனது. பழைய உள்சாமான் வேண்டுமானால் பழைய ஹப்பைத்தான் திறக்கணும்.

டைனோ ஹப் என்று ஒன்று உண்டு. முன் சக்கர நடுவிலேயே 6 வோல்ட் டைனமோ. டயரில் உரசாது, சத்தம் வராது, விளக்கு எரியும். உள்ளே வட்டக் காந்தம். சுத்தம் பண்ணுகிறேன் என்று அந்தக் காந்தத்தை உள்கருவிலிருந்து பிரித்து, உடனே உள்ளே ஒரு இரும்பு வளையம் வைக்காமல் விட்டால் காந்த சக்தி இறங்கிவிடும். திரும்பப் பூட்டினால் விளக்கு மின்மினிப் பூச்சி மாதிரி மினுங்கும். பிரிக்காமல் இருப்பதே நல்லது. ஆசைப்பட்டுப் பிரித்தவன் அடுத்த டைனோ ஹப்புக்காக அடுத்த வண்டி வாங்குகிறான்.

தேவைக்காக வாங்குவது போக, அழகுக்காக வாங்குவதும் உண்டு, அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. முன் செயின் பல்சக்கரத்தின் வடிவத்தைப் பாருங்கள்: ராலேயில் கொக்குத் தலை, ரட்ஜில் கை, ஹம்பரில் வட்டமாக நிற்கும் ஐந்து ஆட்கள், பி.எஸ்.ஏ.யில் அந்த மூன்று எழுத்து. இரட்டைக் கால் போர்க்கு ஹம்பரின் அடையாளம். இவற்றை வரிசையாகச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்தவனுக்கு ஒன்று குறைந்தால் பல் விழுந்த மாதிரி இருக்கும்.

இன்னொரு காரணம் பழைய இரும்புக் கடை. வீட்டைக் காலிபண்ணுகிறவர்கள் வண்டியை எடைக்குப் போட்டுவிடுவார்கள். எடைக்குப் போகும் வண்டியைத் தடுத்து வாங்கினால்தான் உண்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்றால் இருக்காது. ஆனால் ஒன்றில் எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. முழுசாக இருக்கும் வண்டியை ஹப்புக்கும் விளக்குக்கும் சீட்டுக்குமாகப் பிரித்து விற்பது பாவம். உடைந்த வண்டியிலிருந்து எடுக்கட்டும், நல்லதைக் கொல்லக்கூடாது.

அளவு மீறுவதும் இருக்கிறது. ஒரு வண்டியை ஒழுங்காக ஓவராயில் பண்ண நாலைந்து சனி ஞாயிறு வேண்டும். வருஷத்துக்கு மூன்றுக்கு மேல் யாராலும் முடிவதில்லை. காத்திருக்கிற வண்டி காற்றிறங்கின டயரோடு சிமெண்டுத் தரையில் நின்றால், டயரின் பக்கவாட்டில் வெடிப்பு விழும். பிளாஸ்டிக் சுற்றினால் உள்ளே வியர்த்து, தோல் சீட்டில் பூஞ்சை பிடிக்கும். டயர் தரையில் படாமல் தொங்கவிட்டு, குரோம் பாகத்தில் கிரீஸ் தடவி, பருத்தித் துணியால் மூடினால் ஐந்து வருஷம்கூட இருக்கும். இந்தப் பாதுகாப்பைச் செய்ய முடிகிற வரை வாங்கலாம் என்பது என் கருத்து. பழைய பெயிண்டைச் சுரண்டி எடுத்துப் புதுசாக அடிப்பவர்களைப் பார்த்தால்தான் வயிறு எரியும். தங்கக் கோடும் ஸ்டிக்கரும் போனால் போனதுதான். பெட்ரோல் தொட்டாலே அது கரைந்துவிடும். ஈரத்துணியும் கார் மெழுகும் போதும். குரோமில் உள்ள துருவைத் தண்ணீரில் நனைத்த அலுமினியத் தாளால் தேய்த்தாலே போகும்.

இனி உங்களிடம் கேட்க வேண்டியது. ஊரிலிருந்து யாராவது வந்தால் கொடுத்தனுப்ப முடியுமா? மூணு நூல் காட்டர் பின் இருபது, பழைய அச்சு மாதிரி சாய்வு தட்டையாக இருப்பதாகப் பார்த்து. கம்பி பிரேக் கட்டை நான்கு ஜோடி. கால் அங்குல பால்ரஸ் நூறு, பெடல் அச்சுக்குப் பக்கத்துக்குப் பதினொன்று வீதம் போடுவதற்கு. ஹேண்டில் கப்புக்கு 5/32 பால்ரஸ் நூறு. வால்வு டியூப் ஒரு கட்டு. 28 × 1½ டயர் இரண்டு மடித்துக் கட்டினால் பெட்டியில் அடங்கும். 40 ஓட்டை வெஸ்ட்வுட் ரிம் கனமும் அகலமும் என்பதால் இப்போது வேண்டாம், விலை மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள். கப் எதுவும் கேஜ் வைத்துப் பார்க்காமல் வாங்கவேண்டாம். 26 மரை கிடைத்தால் இரண்டு செட் எடுத்து வையுங்கள்.

கடைக்குப் பின்னால் ஓலைக் கொட்டகையில் சாய்த்து வைத்திருக்கும் அந்தக் கறுப்பு ஹம்பரை யார் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள். அதன் போர்க்கு இரட்டைக் காலா, பின் ஹப்பில் என்ன எழுத்து இருக்கிறது என்று துடைத்துப் பார்த்துப் போனில் படம் அனுப்புங்கள்.

சித்திக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்