சாக்கு விலை

திண்டுக்கல்
9.6.2024

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் போனை எடுத்தால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். மழை, மாவு, மாத்திரை என்று அரை மணி நேரம் ஓடிவிடுகிறது. அதனால்தான் பழைய கணக்கு நோட்டில் நாலு தாளைக் கிழித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன்.

பங்குச் சந்தையில் பணம் போய்விட்டது என்று செவ்வாய்க்கிழமை ராத்திரி நீ அம்மாவிடம் அழுதது எனக்குத் தெரியும். அப்பாவிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினாயாம். புதன்கிழமை காலை காபி டம்ளரைக் கீழே வைக்கும்போதே சொல்லிவிட்டாள். திட்டுவதற்காக எழுதவில்லை, பயப்படாதே.

நீ நாலாவது படிக்கும்போது மண்டியிலிருந்து வரும்போது வறுத்த கடலை வாங்கி வருவேன், ஞாபகம் இருக்கிறதா? கடலை தீர்ந்ததும் பொட்டலத் தாளை விரித்து நீவி, நீதான் முதலில் படிப்பாய். ஒரு பக்கம் விலை நிலவரம், மறுபக்கம் 'உங்களுக்குத் தெரியுமா?'. "ஆக்டோபஸுக்கு மூணு இதயமாம்ப்பா!" என்று கத்தினாய் ஒருநாள். நான் உன் கையிலிருந்து தாளை வாங்கித் திருப்பி, துவரம்பருப்பு என்ன விலை என்று பார்த்தேன். இப்போது எல்லாம் தலைகீழ். நீ மும்பையில் உட்கார்ந்து விலைப் பக்கத்தைப் படிக்கிறாய். எனக்கு வேலை இல்லை, துணுக்குப் பக்கத்தைப் படிக்கிறேன். அந்த ஆக்டோபஸைப் பற்றி மிச்சத்தையும் தெரிந்துகொண்டேன். அதன் ரத்தம் நீலம். நம் ரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையை அதில் செம்பு செய்கிறது. நீந்த ஆரம்பித்தால் மூன்றில் பெரிய இதயம் நின்றுவிடுமாம். அதனால் சீக்கிரம் களைத்துப்போகும். முடிந்தவரை தரையோடு தவழ்ந்தே போகும்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 2,507 புள்ளி ஏறியது. கருத்துக்கணிப்புதான் காரணம் என்றார்கள் டிவியில். செவ்வாய்க்கிழமை 4,389 புள்ளி இறங்கியது, தேர்தல் முடிவு காரணம் என்றார்கள். வெள்ளிக்கிழமை 76,693 என்று திங்கட்கிழமையையும் தாண்டி முடிந்தது. அதற்கும் ஒரு காரணம் சொன்னார்கள், அதே சட்டை போட்ட அதே ஆள். ஏற்றத்தை நம்பி நீ வாங்கிய ஆப்ஷன், குறித்த நாளுக்குள் விலை ஏறினால்தான் காசு என்கிற அந்தச் சீட்டு, வியாழக்கிழமையோடு செத்துப்போனது. மறுநாளே சந்தை எழுந்து உட்கார்ந்துகொண்டது. ஒரே ஒரு நாள் தள்ளியிருந்தால் என்று நீ இப்போது கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாய். வேண்டாம் பாப்பா. அந்தக் கணக்கை நானும் போட்டிருக்கிறேன், கீழே சொல்கிறேன்.

மண்டியில் முப்பத்தொரு வருஷம் கணக்கு எழுதினவன் நான். அங்கே விலை முதலில் படியும், காரணம் பிறகுதான் வரும். மூட்டையை இறக்கிவிட்டு, "ஏன் சாமி இன்னைக்கு இறங்கிருச்சு?" என்று கேட்கிற சம்சாரிக்கு ஏதாவது ஒரு பதில் வேண்டும். மைசூர்ப் பக்கத்துச் சரக்கு வந்துவிட்டது, கேரளா வண்டி வரவில்லை, பண்டிகை முடிந்துவிட்டது என்று நானே ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். பாதி நிஜம். மீதி, அந்த ஆள் வெறுங்கையோடு பஸ் ஏறக்கூடாது என்பதற்காகச் சொன்னது.

காரணம் கண்ணுக்கு நேராகத் தெரிந்த நாளும் சந்தையில் உண்டு. 1987 டிசம்பரில் அமெரிக்காவில் நாஸ்டாக் என்ற பங்குச் சந்தை 82 நிமிஷம் படுத்துவிட்டது. கனெக்டிகட்டில் அவர்களுடைய கம்ப்யூட்டர் மையத்துக்குப் போகும் மின்சாரத்தில் ஒரு அணில் புகுந்துவிட்டதுதான் சங்கதி. பாவம், அணில் பிழைக்கவில்லை. 1994-ல் இன்னொரு அணில் வந்து மறுபடியும் நிறுத்தியது. நம் வீட்டு மீட்டர் பெட்டிக்குள் கூடு கட்டியதே, அந்த ஜாதியாக இருக்கும்.

இங்கிலாந்தில் ஆர்லாண்டோ என்று ஒரு செம்பட்டைப் பூனை. 2012-ல் அப்சர்வர் பத்திரிகை ஒரு போட்டி வைத்தது. சந்தை நிபுணர்களுக்கு 5,000 பவுண்ட், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு 5,000, பூனைக்கும் 5,000. கட்டம் போட்ட தாளில் பொம்மை எலியை அது எங்கே போடுகிறதோ அந்த நம்பர் பங்கு. வருஷக் கடைசியில் நிபுணர்களிடம் 5,176, பூனையிடம் 5,542. இதை வைத்துப் பூனை வளர்க்க மாப்பிள்ளையிடம் சம்மதம் வாங்கிவிடாதே. ஒரே ஒரு வருஷத்து அதிர்ஷ்டம் அது, அவ்வளவுதான். நம்மூர் கணக்கை, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2023 ஜனவரியில் வெளியிட்டிருக்கிறது. இந்த எஃப் அண்ட் ஓ-வில், அதாவது நீ வாங்கிய ஆப்ஷன் மாதிரி முன்பேரச் சீட்டு வியாபாரத்தில், இறங்கிய தனி ஆட்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு 2021-22-ல் நஷ்டம். சராசரியாக ஆளுக்கு 1 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய். நீ அந்த ஒன்பதில் ஒருத்தி. ஊரே நின்ற வரிசையில் நீயும் நின்றிருக்கிறாய்.

எனக்கு ரொம்பப் பிடித்தது வெங்காயக் கதைதான். தொழில் பாசம்! அமெரிக்காவில் ஏறக்குறைய எதை வேண்டுமானாலும் முன்பேர வியாபாரம் செய்யலாம், அதாவது பின்னால் தரப்போகும் சரக்குக்கு இன்றைக்கே விலை பேசலாம், பன்றி இறைச்சி உட்பட. வெங்காயத்தைச் செய்யக்கூடாது என்று 1958-லேயே தனிச் சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள், இன்றைக்கும் இருக்கிறது. காரணம் இரண்டு பேர். 1955-ல் வின்சென்ட் கொசூகா, சாம் சீகல் என்ற இருவரும் சேர்ந்து சிகாகோவில் இருந்த வெங்காயம் முழுவதையும் கிட்டத்தட்ட மடக்கிவிட்டார்கள். மூன்று கோடி பவுண்ட் எடை. பிறகு விவசாயிகளைக் கூப்பிட்டு, நீங்கள் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் சந்தையில் கொட்டிவிடுவோம் என்று மிரட்டியிருக்கிறார்கள். அவர்கள் வாங்கினார்கள். இவர்கள் அதற்குள் விலை இறங்கும் பக்கமாகப் பந்தயம் கட்டிவிட்டு, சொன்னபடி கொட்டியும்விட்டார்கள். வாடின காயை வெளியே அனுப்பி, தோலுரித்துப் புது மூட்டை கட்டி, புதுச் சரக்கு மாதிரி திரும்ப உள்ளே கொண்டு வந்தார்களாம். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! ஆகஸ்டில் 50 பவுண்ட் மூட்டை இரண்டே முக்கால் டாலர். அடுத்த மார்ச்சில் பத்து சென்ட். வெறும் சாக்கின் விலை அதைவிட அதிகம். விவசாயிகள் வெங்காயத்தைக் கீழே கொட்டினார்களாம்.

இனி என் கணக்கு.

அந்த ஆக்டோபஸ் வருஷம்தான். அம்மாவின் மூன்று பவுன் சங்கிலியை அடகு வைத்து, கையிலிருந்ததையும் போட்டு, இரண்டு டன் சின்ன வெங்காயம் வாங்கினேன். தினம் விலை எழுதுகிறவனுக்கு விலை தெரியாதா என்ற திமிர். தெரிந்தவர் தோட்டத்தில் வெங்காயத்தைக் குவித்து வைக்கும் பட்டறை போட்டேன், மேலே தென்னங்கீற்று. நாலு மாசம் வைத்தால் இரட்டிப்பு என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியும் வைத்தேன். இரண்டாவது மாசம் விலை நன்றாகவே ஏறியது. இன்னும் ஏறும் என்று விட்டேன். அப்புறம் எட்டு நாள் விடாத மழை.

ஒன்பதாம் நாள் போய்க் கீற்றை விலக்கிக் கையை உள்ளே விட்டேன். மேலே சருகு மாதிரி காய்ந்த தோல், விரலுக்கு நன்றாகத்தான் இருந்தது. முழங்கை வரை போனதும் சூடு. சோற்றுப் பானைக்குள் கைவிட்ட மாதிரி. வெளியே எடுத்தால் முழங்கை வரை பழுப்பாக ஒழுகுகிறது, வாடை மூன்று நாள் போகவில்லை. ஒன்பது மூட்டைதான் தேறியது. அதைக் கொண்டுபோன அன்றைக்கு விலையும் இல்லை. மிச்சமிருந்த காலிச் சாக்குகளை ஒருவர் சாக்கு எட்டு ரூபாய் என்று எடுத்துக்கொண்டார். அன்றைக்கு எனக்குச் சரியான விலை கிடைத்தது அதற்கு மட்டும்தான்.

அந்த வருஷம் உன்னைக் கொடைக்கானல் கூட்டிப்போவதாகச் சொல்லிப் போகாமலிருந்தது இதனால்தான். லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். அம்மாவிடம், சங்கிலியில் திருகாணி கழன்றது, ஆசாரியிடம் இருக்கிறது என்றேன். பதினொரு மாசம் அந்த ஆசாரி திருகாணி செய்துகொண்டே இருந்தார். பிறகு ஒருநாள் சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "தோட்டத்துல இருந்து வந்தீங்களே, அன்னிக்கு ராத்திரியே உங்க சட்டையைத் துவைச்சவ நான்" என்றாள்.

மாப்பிள்ளைக்கு இன்னும் தெரியாது என்றாள் அம்மா. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் நீயே சொல்லிவிடு. எவ்வளவு என்பதைக் குறைக்காமல் சொல். நகை எதையாவது அடகு வைத்திருந்தால் சீட்டை எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பு. என் வைப்புத்தொகை ஆகஸ்டில் முடிகிறது.

பார்சல் ஆபீஸில் ஐந்து கிலோ சின்ன வெங்காயம் போட்டிருக்கிறேன், நன்றாகக் காய்ந்த சரக்கு. வந்ததும் பையோடு மூலையில் வைத்துவிடாதே. பேப்பர் விரித்துப் பரப்பி வை. குவித்தால் உள்ளே சூடேறிவிடும், மேலே பார்த்தால் தெரியாது.

அன்புடன்,
அப்பா